நிரம்பாத டேங்க் நல்ல டேங்க் இல்லை!

செங்கல்லா, காங்கிரீட்டா, பிளாஸ்டிக்கா... வீட்டுக்கும் கடைக்கும் ஏற்ற செப்டிக் டேங்க் எது?

"இருபத்திரண்டு வருஷமாச்சும்மா... நம்ம வீட்டு டேங்குக்கு ஒரு தடவைகூட லாரி வந்ததில்ல. அந்தக் காலத்துக் கட்டுமானம்!"

கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இந்தப் பெருமையைக் கேட்டிருக்கிறேன். சென்ற ஆண்டு நாங்கள் தாம்பரத்தைத் தாண்டி ஒரு மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கினோம். டைல்ஸ் வாங்க நான்கு கடை ஏறி இறங்கினோம். சமையலறை அலமாரிக்கு என்ன நிறம் என்று ஒரு வாரம் பேசினோம். செப்டிக் டேங்க் பற்றிப் பேசியது இரண்டே நிமிடம். "பத்துக்கு எட்டு, எட்டடி ஆழம், செங்கல் கட்டு. எல்லாருக்கும் போடறதுதான் மேடம்" என்றார் மேஸ்திரி. தலையாட்டிவிட்டோம்.

அந்த வாரமே பெரியப்பா வீட்டிலிருந்து போன். பேத்திக்கு மறுபடியும் வயிற்றுப்போக்கு. மூன்று மாதத்தில் மூன்றாவது தடவை. "குடிக்கிற தண்ணி எங்கேருந்து எடுக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார். கொல்லைப்புற அடிபம்பிலிருந்துதான். அந்தத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது, மலத்திலிருந்து வரும் 'ஈ கோலை' கிருமி இருப்பது தெரிந்தது.

அடிபம்புக்கும் டேங்குக்கும் நடுவே 12 அடிதான் இடைவெளி. முதன்முறையாக லாரியை வரவழைத்து உறிஞ்சச் சொன்னார்கள். உறிஞ்சி முடித்த அரை மணி நேரத்தில், அடியிலிருந்து தண்ணீர் ஊறி மேலே வந்தது. மேலே நின்றபடி டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அந்த டேங்குக்குத் தரையே போடவில்லை. பக்கச் சுவர்களிலும் பூச்சு இல்லை. இருபத்திரண்டு வருடமாக அது நிரம்பாமல் இருந்தது கட்டுமானத்தின் பெருமையால் அல்ல. போட்டதெல்லாம் மண்ணுக்குள் கசிந்து போனதால்தான்.

அதன்பிறகுதான் எங்கள் மேஸ்திரியிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, செப்டிக் டேங்க் பற்றி ஒழுங்காகத் தெரிந்துகொள்ள உட்கார்ந்தேன்.

டேங்க் செய்ய வேண்டிய வேலை என்ன?

செப்டிக் டேங்க் என்பது கழிவைப் புதைக்கும் குழி இல்லை. அது ஒரு தெளியவைக்கும் தொட்டி. கழிப்பறையிலிருந்து வருவது ஒன்றிரண்டு நாள் அதற்குள் அசையாமல் நிற்க வேண்டும். கனமானது அடியில் சேறாகப் படியும். எண்ணெய்ப் பசையும் நுரையும் மேலே ஆடையாக மிதக்கும். நடுவில் இருக்கும் தெளிந்த நீர் மட்டும் மறுபக்கக் குழாய் வழியாக வெளியே போகும். அடியில் படிந்த சேற்றைக் காற்று தேவைப்படாத பாக்டீரியாக்கள் மெதுவாகத் தின்று குறைக்கும். ஆனால், முழுவதும் தீர்க்காது. மிச்சம் இரண்டு மூன்று வருடத்தில் சேர்ந்துவிடும். அதை எடுக்கத்தான் லாரி.

தெளிந்து வெளியேறும் நீரும் சுத்தமானதில்லை. கிருமிகள் அதிலும் நிறைய உண்டு. அதனால்தான் அது ஓர் உறிஞ்சு குழிக்குப் போய், மண் வழியாக வடிய வேண்டும் என்கிறார்கள். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470-ன்படி இந்த உறிஞ்சும் ஏற்பாடு கிணறு போன்ற குடிநீர் ஆதாரத்திலிருந்து 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 அடி தள்ளி இருக்க வேண்டும். முப்பதுக்கு நாற்பது மனையில் இதற்கு வழியே இல்லை என்பது உண்மைதான். அப்படியானால், டேங்க் சொட்டுக்கூடக் கசியக் கூடாது. உறிஞ்சு குழியை முடிந்த அளவு தள்ளி வைக்க வேண்டும். போர் தண்ணீரைப் பரிசோதிக்காமல் குடிக்கவே கூடாது.

ஆக, எந்தப் பொருளில் டேங்க் கட்டுவது என்ற கேள்விக்குப் பின்னால் இருப்பது ஒரே கேள்விதான். நம் மண்ணில், நம் நிலத்தடி நீரில், இருபது முப்பது வருடம் கசியாமல் இருக்கப்போவது எது?

முதலில் அளவு

பொருளுக்கு முன்னால் அளவைப் பார்த்துவிடலாம். பணம் வீணாவது இங்கேதான்.

ஐ.எஸ். 2470 தரும் அளவு இது: இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்வதாக இருந்தால், 5 பேருக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் ஒரு மீட்டர். 1,125 லிட்டர்தான் வருகிறது. 10 பேருக்கு 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம், 1,800 லிட்டர். மேலே ஓர் அடி வெற்றிடம் விட வேண்டும். 2,000 லிட்டருக்கு மேல் போனால் நடுவில் தடுப்புச் சுவர் வைத்து, மூன்றில் இரண்டு பங்கை முதல் அறைக்கு விட வேண்டும். குளிக்கும் தண்ணீர், துணி துவைக்கும் தண்ணீரையும் இதற்குள் விட்டால் அளவு கூடும். அவற்றைத் தனியாக விடுவதுதான் நல்லது.

எங்கள் மேஸ்திரி சொன்ன பத்துக்கு எட்டுக்கு எட்டு என்பது 640 கன அடி. மேலே ஓர் அடி விட்டாலும் 15,000 லிட்டரைத் தாண்டும். ஐந்து பேர் குடும்பத்துக்குத் தேவையானதைப் போல 14 மடங்கு! விருந்தாளிகள், எதிர்கால மாடி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் எங்களுக்கு 3,000 லிட்டர் தாராளம். குழியைச் சுருக்கினால் மிச்சமாகும் பணத்தைக் கசியாத கட்டுமானத்துக்குச் செலவழிக்கலாம்.

செங்கல் கட்டு

நம் ஊரில் அதிகம் பார்ப்பது இதுதான். கொத்தனார் எங்கும் கிடைப்பார். லாரி நுழையாத சந்திலும் கட்டலாம். இடத்துக்கேற்ப அளவை மாற்றிக்கொள்ளலாம்.

பலவீனம் பூச்சில் இருக்கிறது. செங்கல் தண்ணீரைக் குடிக்கும். கசியாமல் காப்பது பூச்சு மட்டும்தான். சுவர் குறைந்தது 20 செ.மீ. கனம் இருக்க வேண்டும். உள்ளேயும் வெளியேயும் ஒன்றுக்கு மூன்று சிமென்ட் கலவையில் 12 மி.மீ. பூச்சு வேண்டும் என்கிறது தரநிலை. நடைமுறையில் உள்பக்கம் மட்டும் பூசுவார்கள்; வெளிப்பக்கம் மண்தானே என்று விட்டுவிடுவார்கள். சிலர் தரையையே விட்டுவிடுவார்கள், பெரியப்பா வீட்டில் விட்டதைப் போல. கரிசல் மண்ணில் செங்கல் கட்டு இன்னும் சிரமம். அந்த மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அந்த இழுபறியில் சுவர் வெடிப்பு விடும்.

காங்கிரீட்

கம்பி கட்டி, தரையையும் சுவரையும் காங்கிரீட்டில் போடுவது. சரியாகச் செய்தால் கசிவு குறைவு, பாரம் தாங்கும், மண் அழுத்தத்துக்கு அசையாது. கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில் டேங்க் வருகிறதென்றால் இதுதான் பொருத்தம். மேல்மூடித் தளத்தை வண்டிப் பாரத்துக்கு ஏற்ப இன்ஜினீயரிடம் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதற்கு எதிரி உள்ளேயே இருக்கிறது. டேங்கில் அழுகிய முட்டை நாற்றத்தோடு வருவது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. அது தண்ணீர் மட்டத்துக்கு மேலே, ஈரமாக இருக்கும் சுவரிலும் மூடியின் அடிப்பக்கத்திலும் படியும். அங்கு வாழும் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றும். அமிலம் காங்கிரீட்டை அரித்து, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். பழைய டேங்குகளில் அடிச்சுவர் நன்றாக இருந்தும் மேல்மூடி மட்டும் திடீரென்று இடிந்து விழுவது இதனால்தான்.

தடுக்க வழி உண்டு. கலவை எம் 25-க்குக் குறையக் கூடாது. கடலோரம் என்றால் எம் 30. கம்பிக்கு வெளியே குறைந்தது 45 மி.மீ. காங்கிரீட் மூடியிருக்க வேண்டும். மூடியின் அடிப்பக்கத்துக்கும் எபாக்ஸி போன்ற காப்புப் பூச்சு அடிக்கலாம். வாயு வெளியேறக் காற்றுக் குழாய் வேண்டும். அது 50 மி.மீ.க்குக் குறையாமல், மொட்டைமாடிக்கு மேலே 2 மீட்டர் வரை போய், நுனியில் கொசுவலையோடு இருக்க வேண்டும்.

உறை

கிணற்றுக்கு இறக்குவதைப் போல சிமென்ட் உறைகளை அடுக்கி "செப்டிக் டேங்க்" என்று சொல்லிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. மலிவு, ஒரே நாளில் முடியும். ஆனால், உறைக்கும் உறைக்கும் நடுவே இணைப்பை அடைக்காமல், அடியில் தளம் போடாமல் விட்டால் அது வெறும் கசிவுக் குழிதான்.

கிராமங்களில் அரசுத் திட்டத்தில் கட்டப்படும் இரட்டைக் குழிக் கழிப்பறை வேறு. அது கசிவதற்கென்றே வடிவமைத்தது. ஒரு குழி நிரம்பியதும் அடைத்து வைத்து, அடுத்ததைப் பயன்படுத்த வேண்டும். அடைத்த குழியில் இருப்பது காலப்போக்கில் எருவாகிவிடும். நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கும் ஊர்களில் அது நல்ல ஏற்பாடு. அதையும் செப்டிக் டேங்கையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பிளாஸ்டிக்

ஒரே வார்ப்பாக வரும் பாலித்தீன் டேங்குகள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. இணைப்பே இல்லாததால் கசிவு இல்லை. அமிலம் அரிக்காது. குழி தயாராக இருந்தால் ஓரிரு நாளில் வேலை முடியும். சின்னக் குடும்பத்துக்கு, காங்கிரீட் கொண்டுபோக முடியாத இடத்துக்கு, வெடிக்கும் கரிசல் மண்ணுக்கு நல்ல தேர்வு.

ஆனால், மூன்று எச்சரிக்கைகள். ஒன்று: மொட்டைமாடியில் வைக்கும் தண்ணீர்த் தொட்டியை வாங்கிப் புதைக்கக் கூடாது. அது உள்ளே இருக்கும் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கச் செய்தது. வெளியிலிருந்து மண் நெருக்கினால் நசுங்கிவிடும். நிலத்தடிக்கென்று வரி வரியாக முட்டு வைத்து வார்த்த டேங்க்தான் வேண்டும். இரண்டு: குழியை மூடும்போது சுற்றிலும் கல் இல்லாத மணலைப் போட வேண்டும்; மணல் ஏற ஏற, டேங்குக்குள்ளும் தண்ணீரை ஏற்றிக்கொண்டே வர வேண்டும். மூன்று: மேலே வண்டி ஏறக் கூடாது.

ஃபைபர்

கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்துச் செய்யும் ஃபைபர் டேங்க் இன்னும் உறுதியானது. துருவோ அரிப்போ இல்லை. பெரிய அளவுகளிலும் கிடைப்பதால் ஹோட்டல், பள்ளி, சின்ன ஆலைகள் விரும்புகின்றன. விலை கூடுதல். இறக்கும்போது கல்லில் இடித்தால் விரிசல் விடும். சுவரின் கனம் எத்தனை மில்லிமீட்டர், எத்தனை வருட உத்தரவாதம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டேங்க் மிதக்குமா?

மிதக்கும். நிலத்தடி நீர் மேலே இருக்கும் ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாத விஷயம் இது.

3,000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்கைச் சுற்றி மழைக்காலத்தில் தண்ணீர் முழுவதுமாக ஏறி நிற்கிறது. உள்ளே காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மேலே தள்ளும் விசை 3 டன். டேங்கின் எடை அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஐப்பசி, கார்த்திகையில் லாரி வந்து உறிஞ்சிய மறுநாள் டேங்க் தரையைப் பிளந்துகொண்டு எழும்புவது இப்படித்தான். அடியில் காங்கிரீட் தளம் போட்டு, அதோடு டேங்கைப் பட்டையால் கட்டியிருந்தால் தப்பிக்கலாம்.

காங்கிரீட் டேங்க் மிதக்காது என்று நினைத்தேன். கணக்குப் போட்டபோது அதுவும் தவறு என்று தெரிந்தது. உள்ளளவு 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம். சுவர், தரை, மூடி எல்லாம் 10 செ.மீ. கனம். காங்கிரீட்டின் எடை ஏறத்தாழ 3.6 டன். சுற்றிலும் தண்ணீர் மேல்வரை நின்றால் மேலே தள்ளும் விசையோ 4.5 டன்! கனத்தை 15 செ.மீ. ஆக்கினால் எடை 5.7 டன், விசை 5.4 டன். அப்போதுதான் அது இடத்திலேயே நிற்கும். டெல்டாவிலும், சென்னையில் ஏரி, சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதிகளிலும் வீடு கட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை இன்ஜினீயரிடம் கேட்டே ஆக வேண்டும்.

அங்கெல்லாம் உறிஞ்சு குழியும் வேலை செய்யாது. ஏற்கெனவே நனைந்த மண் எதை உறிஞ்சும்? களிமண்ணுக்கும் இதே கதைதான். டேங்குக்கு அடுத்து ஜல்லி நிரப்பிய வடிகட்டும் தொட்டி வைத்து, கீழிருந்து மேலாக நீரை ஏற்றி, பிறகு கல்வாழை நட்ட மேட்டுப் பாத்திக்கு விடுவது நல்ல வழி.

கடைக்கும் மண்டபத்துக்கும்

வீட்டில் தினமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் கழிவு வரும். கல்யாண மண்டபத்தில் அப்படியில்லை. ஒரு வாரம் சும்மா கிடந்துவிட்டு, முகூர்த்த நாளில் ஆயிரம் பேர் வருவார்கள். அந்த வெள்ளத்தில் படிந்த சேறு கலங்கி உறிஞ்சு குழிக்குப் போய், அதை அடைத்துவிடும். சராசரிக்கு இல்லாமல், கூட்டம் அதிகம் வரும் நாளுக்குக் கணக்குப் போட்டு, இரண்டு டேங்குகளாகப் பிரித்து வைப்பது நல்லது.

ஹோட்டல் சமையலறைத் தண்ணீரை நேராக டேங்குக்கு விட்டால் எண்ணெய் உறைந்து குழாயை அடைக்கும். முன்னால் ஓர் எண்ணெய் பிரிக்கும் தொட்டி கட்டாயம். அதை அடிக்கடி வழித்தெடுக்க வேண்டும். கிளினிக், லேப் நடத்துகிறவர்கள் கிருமிநாசினியை அப்படியே ஊற்றினால் டேங்குக்குள் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் செத்துப்போகும். வீட்டில் ஆசிட் ஊற்றிக் கழுவுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

மூடியும் மனித உயிரும்

2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு பள்ளி வளாகத்தின் செப்டிக் டேங்கில் விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்த செய்தியை நாம் மறந்திருக்க முடியாது. எந்தப் பொருளில் டேங்க் கட்டினாலும், மூடிக்கு இரும்புத் தகடு வேண்டாம். உள்ளிருந்து வரும் வாயு அதைத் தின்றுவிடும். பெரியவர் ஏறி நின்றாலும் தாங்கும் மூடி, குழந்தை கையால் திறக்க முடியாத பூட்டு. இரண்டிலும் சமரசம் கூடாது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு மூடி வையுங்கள். இரண்டையும் தரைக்கு மேல் தெரியும்படி வையுங்கள். மேலே டைல்ஸ் ஒட்டி மறைத்துவிட்டால், பிறகு உடைத்துத்தான் திறக்க வேண்டும்.

வாஸ்துப்படி வாயு மூலையில் வைப்பதில் தவறில்லை. அந்த மூலைக்கு லாரியின் குழாய் எட்டுமா என்று மட்டும் பாருங்கள். குழாய் எட்டாத டேங்குக்குத்தான் கடைசியில் ஆளை இறக்குவார்கள்.

ஆளை இறக்குவது குற்றம். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரை செப்டிக் டேங்குக்குள் இறக்கிச் சுத்தம் செய்ய வைத்தால், முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கின் மோப்ப சக்தியே மரத்துப்போகும். "நாத்தம் இல்ல, இறங்கலாம்" என்பது உயிரைக் குடிக்கும் வார்த்தை. மயங்கி விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவர்களும் அடுத்தடுத்து இறந்த செய்திகள் எத்தனை! தீக்குச்சி கிழித்துச் சோதிப்பதும் வேண்டாம். உள்ளே இருக்கும் மீத்தேன் தீப்பிடிக்கும். சுத்தம் செய்ய 14420 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது உள்ளாட்சியில் உரிமம் பெற்ற லாரியை மட்டும் கூப்பிடுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

* உங்கள் தெருவுக்குப் பாதாள சாக்கடை வரப்போகிறதா என்று விசாரியுங்கள். வருமென்றால் டேங்கைச் சாலைப் பக்கம் வையுங்கள்.

* மழைக்காலத்தில் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பாருங்கள். மேலே நின்றால் 15 செ.மீ. கனக் காங்கிரீட், அல்லது தளத்தோடு கட்டிய ஃபைபர், பிளாஸ்டிக்.

* மேலே கார் நிற்குமா? நிற்குமென்றால் காங்கிரீட்.

* கரிசல் மண்ணா? செங்கல்லைத் தவிருங்கள்.

* மண் இறுக்கமாக, தண்ணீர் ஆழத்தில் இருந்து, நம்பிக்கையான கொத்தனாரும் கிடைத்தால் செங்கல் கட்டே போதும். இருபுறமும் பூச்சு, அடியில் தளம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

* குழியை மூடுவதற்கு முன் டேங்கில் தண்ணீர் நிரப்புங்கள். சுவர் ஊறட்டும் என்று ஒருநாள் விட்டு, மறுபடி நிரப்பிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். 24 மணி நேரம் கழித்தும் தண்ணீர் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். இறங்கியிருந்தால் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் முன்பக்கம் கார் நிற்கும் இடம் என்பதால் 3,000 லிட்டர் காங்கிரீட் டேங்க் போட்டோம். சாக்பீஸ் சோதனையில் முதல் நாள் இரண்டு விரற்கடை இறங்கியது. குழாய் நுழையும் இடத்தில் கசிவு. மேஸ்திரி முகம் சுளிக்காமல் அடைத்துக் கொடுத்தார். "இத்தனை வருஷத்துல யாரும் தண்ணி நிரப்பிப் பார்த்ததில்ல மேடம்" என்றார்.

பெரியப்பா வைகாசி வரை காத்திருந்தார். மேட்டூர் தண்ணீர் ஆற்றில் வருவதற்கு முன், நிலத்தடி நீர் இறங்கியிருந்த நேரத்தில் புது டேங்க் கட்டி முடித்தார். கனமான காங்கிரீட், வடிகட்டும் தொட்டி, கல்வாழைப் பாத்தி எல்லாம் உண்டு. பழைய குழியைச் சுத்தம் செய்து மண் போட்டு மூடிவிட்டார். குடிக்கக் குழாய்த் தண்ணீர்; அடிபம்பு இப்போது செடிக்கு மட்டும். பேத்தி நன்றாக இருக்கிறாள்.

சென்ற வாரம் போயிருந்தபோது, கரன்ட் மீட்டர் பெட்டியின் உள்பக்கத்தில் பேனாவால் ஒரு தேதி எழுதியிருப்பதைப் பார்த்தேன். என்னவென்று கேட்டேன்.

"லாரி வர வேண்டிய தேதிம்மா. அன்னிக்கு டேங்க்ல சேறு சேர்ந்திருக்கணும். சேரலன்னா, எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம்" என்றார் பெரியப்பா.